மறைந்தவர் சொத்தும் வக்கீல் துணையும்



திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா, கல்லாறு வழியே பொன்முடிக்குச் செல்லும் சாலை, இறுதியில் 22 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறுகிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரம். மஞ்சு தவழும் குன்றுகள். அவற்றின் சரிவுகளில் தேயிலைத் தோட்டங்கள். அத்தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களில் நம் தமிழர் பலர். தோட்டம் என்பதைவிட ‘எஸ்டேட்’ என்பதே அவர்கள் நாவில் வழங்கும் சொல்.

அதே சொல் நீதிமன்றத்திலும் வழங்குகிறது. அங்கே அதற்குப் பொருள் வேறு. ஒருவர் மறையும்போது விட்டுச் செல்லும் நிலம், வீடு, நகை, ரொக்கம், வரவேண்டிய பாக்கி, கொடுக்கவேண்டிய கடன் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே அவருடைய ‘எஸ்டேட்’. ஆகவே வாழ்நாள் முழுதும் பிறர் எஸ்டேட்டில் உழைத்தவரும், தமக்கென ஓர் எஸ்டேட்டை விட்டே செல்கிறார். அது சிறிதாயிருக்கலாம். சிறிது என்பதற்காகச் சட்டம் அதனை விட்டுவிடுவதில்லை; சிக்கலும் விட்டுவிடுவதில்லை. அந்தச் சிறு உடைமையை உரியவர் கையில் சேர்ப்பதற்கு எத்தகைய வக்கீலை நாடவேண்டும், நாடுமுன் நாம் எதை அறிந்திருக்கவேண்டும் என்பதே இன்று எடுத்துக்கொண்ட பொருள்.

ஒரு குடும்பத்தை மனக்கண்முன் நிறுத்திக்கொள்வோம். பொன்முடிச் சரிவில் பல்லாண்டு உழைத்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் காலமாகிறார். மனைவி விதுராவில் இருக்கிறார். மகன் பெங்களூரில், மகள் மணமாகி மும்பையில். பெரியவரின் தாயார் தொண்ணூறை நெருங்கிய முதியவள், செங்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறாள். விதுராவில் 4 சென்ட் மனையும் அதில் ஓர் ஓட்டு வீடும், செங்கோட்டையருகே அவர் தம் உழைப்பில் வாங்கிய 20 சென்ட் நஞ்சையும், வங்கியில் சிறு வைப்புத் தொகையும், வருங்கால வைப்பு நிதியில் ஒரு பாக்கியும் உள்ளன. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே பேச்சு எழுகிறது. “தங்கைக்குத்தான் நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாயிற்றே” என்கிறார் ஒருவர். “பாட்டிக்கு இதில் என்ன இருக்கிறது?” என்கிறார் மற்றொருவர். மும்பையில் மகளின் அண்டை வீட்டார், “புரொபேட் வாங்காமல் ஒரு செங்கல்லையும் தொடமுடியாது” என்று சொல்லி அனுப்புகிறார்கள். பெங்களூரில் மகனின் நண்பர், “அதெல்லாம் வேண்டாம், தாசில்தார் சான்று போதும்” என்கிறார். அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் ஐயுறத் தொடங்குகிறார்கள். சொத்தின் மதிப்பைவிட அந்த ஐயத்தின் விலை பெரிது.

இருவர் கேட்டதிலும் ஓரளவு உண்மையுண்டு. ஆனால் எது எந்த இடத்துக்குப் பொருந்தும் என்பதை அவர்கள் சொல்லவில்லை. ஆதலின் வக்கீலைத் தேடுமுன் நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய முதற் கேள்வி, “யார் நல்ல வக்கீல்?” என்பதன்று, “நமக்கு வேண்டிய காகிதம் எது?” என்பதே.

முதலில், மறைந்தவருடையது எது, அல்லாதது எது என்று பிரித்தறிய வேண்டும். தோட்டத்தில் குடியிருந்த லயத்து வீடு தொழிலாளியின் சொத்தன்று. தொழிலாளர்க்கு வீடு தரவேண்டிய கடமையை 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் நிர்வாகத்தின்மேல் வைத்தது. வீட்டின் உடைமையைத் தொழிலாளிக்கு அளிக்கவில்லை. மூன்று தலைமுறை அந்த அறையில் பிறந்து வளர்ந்திருப்பினும், அது வாரிசு வழியில் இறங்குவதில்லை. இதை அறியாமல் லயத்து அறைக்காகச் சகோதரர்கள் மனக்கசப்புக் கொள்வது வீண். ஆனால் அவர் ஈட்டிய பணிக்கொடை, வைப்பு நிதி, நிலுவைக் கூலி ஆகியன குடும்பத்துக்கு உரியவை. அவற்றை விட்டுவிடுதல் ஆகாது.

அடுத்து, நியமனதாரர் என்று வங்கியிலும் காப்பீட்டிலும் எழுதி வைக்கும் பெயரைப் பற்றி ஒரு சொல். நியமனம் பெற்றவரே முழு உடைமையாளர் என்று பலர் எண்ணுகின்றனர். காப்பீட்டுத் தொகை பற்றி 1983-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. நியமனதாரர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் கை மட்டுமே, பங்கு வாரிசுகளுக்குரியது என்றது. பின்னர் 2015-இல் வந்த காப்பீட்டுச் சட்டத் திருத்தம், பெற்றோர், துணைவர், மக்கள் ஆகியோர் நியமனம் பெற்றிருந்தால் அவர்களுக்கே பயனுரிமை உண்டு என்று காப்பீட்டளவில் விலக்குச் செய்தது. கம்பெனிப் பங்குகளின் நியமனம் பற்றி 2023-இல் மீண்டும் பழைய நெறியே உறுதிப்பட்டது. வருங்கால வைப்பு நிதியிலோ, குடும்பம் ஏற்படுமுன் எழுதிய நியமனம், குடும்பம் ஏற்பட்டபின் செல்லாது. ஆகவே ஒவ்வொரு தொகைக்கும் விதி வேறு. ஒன்றை வைத்து மற்றொன்றை முடிவு செய்யலாகாது.

இனி, காகிதங்களுக்கு வருவோம். அவை நான்கு. முதலாவது வாரிசுச் சான்று. மறைந்தவருக்கு உரியவர் இன்னின்னார் என்று தாசில்தார் தருவது. கேரளத்தில் வில்லேஜ் ஆபீசர் விசாரித்து, அரசிதழில் அறிவித்து ஆட்சேபம் கேட்டபின் இது வழங்கப்படுகிறது. உயிலும் இல்லை, உள்வீட்டுப் பூசலும் இல்லை என்றால், நிலத்தின் பெயர் மாற்றத்துக்குப் பெரும்பாலும் இதுவே போதும். இரண்டாவது இறங்குரிமைச் சான்று. வங்கி வைப்பு, கடன் பத்திரம், வரவேண்டிய பாக்கி ஆகியவற்றை வசூலிக்க மாவட்ட நீதிமன்றம் தருவது. நிலத்துக்கு இது பயன்படாது; ஆனால் ஒரு மாநிலத்தில் பெற்ற இச்சான்று இந்தியா முழுதும் செல்லும்.

மூன்றாவதுதான் புரொபேட். இது உயில் இருக்கும்போது மட்டும் எழுவது. “இந்த உயில் மெய்யானது, முறைப்படி எழுதப்பட்டது” என்று நீதிமன்றம் ஆராய்ந்து, முத்திரையிட்ட நகலுடன் அளிக்கும் சான்றே புரொபேட். உயிலில் ‘நிறைவேற்றுநர்’ என்று பெயர் குறிக்கப்பட்டவருக்கே அது வழங்கப்படும். உயில் இருந்தும் நிறைவேற்றுநர் பெயர் இல்லையென்றாலோ, உயிலே இல்லாமல் சொத்தை நிர்வகிக்க ஒருவருக்கு நீதிமன்ற அதிகாரம் வேண்டுமென்றாலோ, நான்காவதாகிய நிர்வாகப் பத்திரம் பெறவேண்டும். நம் கதைக் குடும்பத்தில் உயில் இல்லை. எனவே மும்பையிலிருந்து வந்த ‘புரொபேட்’ என்னும் சொல் அங்கே நுழையவே இடமில்லை. இதை முதல் நாளே எடுத்துச் சொல்லும் வக்கீல் நல்ல வக்கீல்; தமக்கு வரவேண்டிய வருமானத்தைத் தாமே மறுத்து உண்மையை உரைப்பவர் அவர்.

சரி, பெரியவரின் டிரங்குப் பெட்டியின் அடியில் தமிழில் எழுதிய ஓர் உயில் கிடைத்தது என்று கொள்வோம். அப்போது புரொபேட் கட்டாயமா? 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் 213-ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. இந்துக்களைப் பொறுத்தவரை, பழைய வங்காளப் பகுதியிலும், சென்னை, மும்பை நகரங்களின் உயர் நீதிமன்ற மூல அதிகார எல்லைக்குள்ளும் எழுதிய உயிலுக்கும், அவ்வெல்லைக்குள் உள்ள நிலம் வீடு பற்றிய உயிலுக்கும் புரொபேட் இன்றி நீதிமன்றத்தில் உரிமை நாட்டமுடியாது என்பது அதன் சாரம். மும்பை அண்டை வீட்டார் சொன்னது அந்த நகரத்து நெடுநாள் வழக்கத்தையே. திருவிதாங்கூர் மண்ணில் இந்துக்களின் உயிலுக்கு அக்கட்டாயம் இருந்ததில்லை. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கும் 2002-ஆம் ஆண்டுத் திருத்தம் விலக்களித்தது. 2025-ஆம் ஆண்டின் இறுதியில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமொன்று அந்த 213-ஆம் பிரிவையே நீக்கிவிட்டது. எனவே இன்றைக்கும் யாரேனும் “கட்டாயம்” என்று அச்சுறுத்தினால், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி என்று பணிவுடன் கேட்கலாம்.

கட்டாயமில்லை என்பதனால் புரொபேட் பயனற்றது என்று எண்ணிவிடலாகாது. உயிலை ஒருவர் பொய்யென்று மறுக்கும்போதும், உயில் தரும் பங்கில் பெரிய ஏற்றத்தாழ்வு இருக்கும்போதும், சாட்சிகள் முதுமையடைந்து தளர்ந்திருக்கும்போதும் அதைப் பெற்றுவைத்தல் அறிவுடைமை. அந்தத் தீர்ப்பு வழக்காடிய இருவரை மட்டுமின்றி உலகத்தார் அனைவரையும் கட்டுப்படுத்தும். ஆயின் அது உயிலின் மெய்ம்மையைத்தான் நிலைநாட்டும். அந்த நிலம் உண்மையில் மறைந்தவருடையதுதானா என்னும் கேள்வியைத் தீர்க்காது. இவ்விரண்டையும் ஒன்றென மயங்கிப் பல்லாண்டு வழக்காடியோர் உண்டு.

உயில் இல்லாதபோது யாருக்கு எவ்வளவு என்பது மறைந்தவரின் சமயச் சட்டத்தைப் பொறுத்தது. நம் பெரியவர் இந்து. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அவர் தாமே ஈட்டிய சொத்தில் மனைவி, மகன், மகள், தாய் ஆகிய நால்வருக்கும் ஆளுக்கு ஒரு சமபங்கு. மணமான மகள் என்றோ, நகை போட்டனுப்பிய மகள் என்றோ அவள் பங்கு குறைவதில்லை. செங்கோட்டைக் கிராமத்து மூதாட்டிக்கும் நாலில் ஒன்று உண்டு. மகனுக்கு முன்னால் தாய் மறைவதே இயல்பு என்று நாம் எண்ணுவதால், அந்தத் தாயை மறந்துவிடுகிறோம், சட்டம் மறக்கவில்லை.

கிறிஸ்தவக் குடும்பமாயின் வேறு கணக்கு. இங்கே திருவிதாங்கூரின் பழைய கதை ஒன்றை நினைவுகூர வேண்டும். 1916-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாது மறைந்த தந்தையின் சொத்தில் மகளுக்குக் கிடைத்தது, மகன் பங்கில் நாலில் ஒன்று அல்லது 5,000 ரூபாய். இவற்றுள் எது குறைவோ அது. உதகையில் தம் தந்தையின் வீட்டிலிருந்து வெளியேறும்படி சொல்லப்பட்ட மேரி ராய் என்னும் அம்மையார், இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றார். 1986 பிப்ரவரி 24-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. 1951 ஏப்ரல் 1 முதலே பழைய சட்டம் நீங்கி, இந்திய வாரிசுரிமைச் சட்டம் அங்கே நடைமுறைக்கு வந்துவிட்டது என்று நீதிமன்றம் கூறிற்று. அதாவது 35 ஆண்டுகளாக மகளிர்க்கு இருந்த உரிமை, ஒருவர் கேட்கும்வரை வெளிப்படவில்லை. இச்சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒன்று; எஞ்சியதில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. தீர்ப்புக்குப் பின்னும் பங்கு கைக்கு வந்துசேர அவ்வம்மையார் மேலும் பல ஆண்டு நீதிமன்றம் ஏறவேண்டியிருந்தது என்பதையும் நாம் மறக்கலாகாது. உரிமை பெறுவது ஒன்று. உரிமையைச் சொத்தாக்குவது மற்றொன்று. இரண்டாவதற்கே வக்கீலின் துணை மிகுதியும் வேண்டியிருக்கிறது.

இனி, இரு மாநிலச் சிக்கலைப் பார்ப்போம். 1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் அன்றைய சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. நெடுமங்காடு கேரளத்தில் நின்றது. அன்றுவரை ஒரே அரசின் கீழிருந்த உறவினர்கள் ஒரே நாளில் இரு மாநிலத்தவராயினர். ஆகவே விதுராவில் மனையும் செங்கோட்டையில் நஞ்சையும் உடைய குடும்பம் அருமையான ஒன்றன்று. இத்தகையோர் அறியவேண்டிய விதி இது: மாவட்ட நீதிமன்றம் தரும் புரொபேட் அந்த மாநிலம் முழுதும் செல்லும், ஆனால் வெளிமாநிலத்திலுள்ள சொத்தின் மதிப்பு 10,000 ரூபாயைத் தாண்டினால் அங்கே செல்லாது. உயர் நீதிமன்றமே வழங்கிய புரொபேட்டாயின் நாடெங்கும் செல்லும். எந்தக் காலத்து மதிப்போ இந்தப் பத்தாயிரம்! இன்று ஒரு சென்ட் நிலமும் அதற்குள் அடங்குவது அரிது. இதை முன்னதாகச் சொல்லாத வக்கீலிடம் சென்றால், ஈராண்டு கழித்து ஒரு மாநிலத்தில் சான்று பெற்று, மறு மாநிலத்தில் மீண்டும் முதலிலிருந்து தொடங்க நேரும்.

அப்படியாயின் வக்கீலை எங்கே தேடுவது? நாம் வாழும் ஊரிலன்று. மறைந்தவர் வாழ்ந்த ஊரில், அல்லது சொத்து இருக்கும் ஊரில். மனு கொடுக்க வேண்டியது அந்த எல்லைக்குரிய நீதிமன்றத்திலேயாகும். பொன்முடி, விதுராப் பகுதிக்கு மாவட்ட நீதிமன்றம் திருவனந்தபுரம் வஞ்சியூரில் உள்ளது. நெடுமங்காட்டிலும் நீதிமன்றங்கள் உண்டு. உயர் நீதிமன்றம் எர்ணாகுளத்தில். உள்ளூர் வக்கீலை நாடுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அங்குள்ள பத்திரங்களின் மொழியையும் வழக்கையும் அவரே அறிவார். பழைய திருவிதாங்கூர்ப் பத்திரத்தில் 1115 என்று ஆண்டு இருந்தால், அது கொல்லம் ஆண்டு. நம் கணக்கில் 1939–40. இன்றைய கேரள நில ஆவணத்தில் பரப்பு ‘ஆர்’ என்னும் அளவில் இருக்கும். 4 சென்ட் என்பது ஏறக்குறைய 1.62 ஆர். பெங்களூர் வக்கீல் எவ்வளவு வல்லவராயினும் இவற்றில் தடுமாறக்கூடும்.

அவ்வூர்ச் சொற்கள் சிலவற்றை நாமும் அறிந்துகொள்வது நலம். பத்திரத்தை அங்கே ‘ஆதாரம்’ என்பர். அதற்கு முந்திய பத்திரம் ‘முன்னாதாரம்’. பட்டா மாறுதல் ‘போக்குவரவு’. நிலவரி ‘கரம்’. விடுதலைப் பத்திரம் ‘ஒழிமுறி’. அதிகாரப் பத்திரம் ‘முக்தியார்’. ஒரு சொல்லில் மட்டும் மிக விழிப்பாயிருத்தல் வேண்டும். தமிழில் பாத்தியதை என்றால் உரிமை. மலையாளத்தில் அதே ஒலியுடைய சொல்லுக்குக் கடன், பொறுப்பு என்று பொருள். “நிலத்தில் பாத்தியதை உண்டு” என்று அங்கே ஒருவர் சொன்னால் மகிழ்ந்துவிடாதீர்கள். கடன் இருக்கிறது என்கிறார் அவர். போக்குவரவு செய்துவிட்டால் நிலம் தமதாகிவிட்டது என்று எண்ணுவதும் பிழை. அது கரம் கட்டுபவர் யார் என்னும் பதிவேயன்றி, உடைமைக்குச் சான்றாகாது.

வக்கீலைக் காணச் செல்லும்போது வெறுங்கையோடு செல்லாதீர்கள். இறப்புச் சான்று, வாரிசுகளின் பெயர் முகவரிப் பட்டியல், ஆதாரங்களின் நகல், கடைசியாகக் கரம் கட்டிய ரசீது, வங்கிப் புத்தக நகல், உயில் இருந்தால் அதன் நகல், சாட்சிகள் எங்கிருக்கிறார்கள் என்னும் குறிப்பு ஆகியவற்றைக் கொண்டுசெல்க. உயில் தமிழில் இருப்பது குறையன்று. மொழிபெயர்ப்பை இணைத்தால் போதும். மூலப் பத்திரங்களை வீட்டில் வைத்து நகலையே முதலில் காட்டுக. மூலம் கொடுக்கவேண்டிய நாள் வந்தால், எவையெவை கொடுத்தோம் என்று எழுதிக் கையொப்பம் பெற்றுக்கொள்க.

அவரிடம் கேட்கவேண்டியவை ஐந்து. எங்கள் நிலைக்கு இந்த நான்கு காகிதங்களில் எது வேண்டும், ஏன்? எந்த நீதிமன்றத்தில் மனு? மற்றொரு மாநிலச் சொத்துக்கு அது செல்லுமா? நீதிமன்றக் கட்டணம் எவ்வளவு, உங்கள் ஊதியம் எவ்வளவு, இரண்டையும் தனித்தனியே எழுதித் தருவீர்களா? ஒருவர் ஆட்சேபித்தால் என்ன ஆகும்? இந்தக் கடைசிக் கேள்விக்கு விடை இது: ஆட்சேபம் வந்தவுடன் புரொபேட் மனு ஒரு முழு வழக்காக மாறிவிடும், காலமும் செலவும் பெருகும். ஆதலின் மனுவுக்கு முன்பே வாரிசுகள் அனைவரும் ஓரிடத்தில் அமர்ந்து பேசுவதே எல்லாவற்றினும் மலிவான வழி.

சில அடையாளங்களைக் கண்டால் விலகிவிடுங்கள். “வழக்கு வெற்றியானால் நிலத்தில் பாதி எனக்கு” என்று பேசும் வக்கீல், இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதியையே மீறுகிறார். வழக்கின் முடிவை ஒட்டியோ, கிடைக்கும் சொத்தில் பங்காகவோ ஊதியம் பேசுவதற்குத் தடையுண்டு. தரகர் வைத்தும் விளம்பரம் செய்தும் கட்சிக்காரரைப் பிடிப்பதற்கும் தடையுண்டு. வெள்ளைத்தாளில் கையொப்பம் கேட்பவரிடம் தருதல் ஆகாது. ஊதிய பாக்கிக்காகக் கட்சிக்காரரின் பத்திரங்களை வக்கீல் பிடித்து வைத்துக்கொள்ள உரிமை இல்லை என்று 2000-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. ஒருவர் உண்மையில் வழக்கறிஞர்தானா என்பதில் ஐயமிருந்தால், அவர் பதிவு எண்ணைக் கேட்டு மாநில வழக்கறிஞர் மன்றத்தில் சரிபார்க்கலாம்.

கட்டணம் கொடுக்க வகையில்லையே என்று கலங்க வேண்டுவதில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணி ஆணைக்குழுச் சட்டப்படி, பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும், தொழிலாளர்களுக்கும் வருமான வரம்பின்றி இலவச வக்கீல் துணை உண்டு. மாவட்டந்தோறும் தாலுகாதோறும் இதற்கென அமைப்புகள் உள்ளன. 15100 என்னும் எண்ணில் தொலைபேசியிலும் கேட்கலாம். நம் பெரியவரின் மனைவிக்கும் தாய்க்கும் மகளுக்கும் பெண் என்னும் ஒரு தகுதியே போதும்.

தொலைவில் இருப்போர்க்கு மூன்று எச்சரிக்கைகள். ஒன்று: தந்தை உயிருடன் இருக்கையில் மகனுக்கு எழுதிக்கொடுத்த முக்தியார், தந்தை மறைந்த கணத்திலேயே முடிந்துவிடும். அதை வைத்து நிலத்தை விற்றால் அது செல்லாது. இரண்டு: பத்திரப் பதிவுக்கான முக்தியாரை எழுதுவதற்குப் பயணம் செய்ய வேண்டுவதில்லை, நாம் குடியிருக்கும் ஊரின் சார்பதிவாளர் முன் கையொப்பமிட்டு உறுதிப்படுத்தி அனுப்பலாம். ஆயின் எந்தச் செயலுக்கு, எந்தச் சொத்துக்கு என்று வரையறுத்து எழுதுக. ‘எல்லா அதிகாரமும்’ என்று எழுதாதீர்கள். மூன்று: நமக்குத் தெரியாமல் யாரேனும் ஓர் உயிலைக் காட்டி புரொபேட் பெற்றுவிடுவார் என்ற அச்சம் இருந்தால், அந்த நீதிமன்றத்தில் முன்னதாகவே ‘கேவியட்’ என்னும் எச்சரிக்கை மனு போட்டுவைக்கலாம், அதன்பின் நம்மைக் கேட்காமல் மேலே செல்லமாட்டார்கள்.

நம் கதைக் குடும்பத்துக்குத் திரும்புவோம். அவர்கள் நெடுமங்காட்டில் ஒரு வக்கீலைக் கண்டார்கள் என்று கொள்வோம். அவர் காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொல்வது இதுவாகத்தான் இருக்கும்: “உயில் இல்லை, புரொபேட் வேண்டாம். தாசில்தாரிடம் வாரிசுச் சான்று பெறுங்கள். அதைக் கொண்டு விதுராவில் போக்குவரவும் செங்கோட்டையில் பட்டா மாறுதலும் கேளுங்கள். வங்கி வற்புறுத்தினால் மட்டும் இறங்குரிமைச் சான்றுக்கு மனுச் செய்வோம். வீட்டை அம்மாவுக்கே விட விரும்பினால், மற்றவர்கள் ஒழிமுறி எழுதிக்கொடுக்கலாம். ஆனால் பாட்டியம்மாவுக்கு அதைப் படித்துக் காட்டி, அவர் மனமொப்பிய பின்னரே கைந்நாட்டுப் பெறவேண்டும்.” தங்கைக்கும் பங்குண்டு என்று அண்ணன் ஒரு மூன்றாமவர் வாயால் கேட்கிறான். அண்ணன் தன்னை ஏய்க்கவில்லை, அவனும் அறியாதிருந்தான் என்று தங்கை உணர்கிறாள். நல்ல வக்கீல் செய்யும் பெரிய உதவி பலவேளைகளில் இதுவே.

இவ்வளவும் மறைந்தவருக்குப் பின் நாம் படும் பாடு. இருக்கும்போதே நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. உயில் எழுத முத்திரைத்தாள் வேண்டுவதில்லை; எம்மொழியிலும் எழுதலாம். எழுதுபவர் கையொப்பமிடுவதைக் கண்ட இருவர் சாட்சியாகக் கையொப்பமிட வேண்டும். பதிவு கட்டாயமன்று, ஆனால் பதிவு செய்தல் நன்று. பங்கு பெறுபவர் சாட்சியாக நில்லாதிருக்கட்டும். கிறிஸ்தவர் உயிலில் சாட்சிக்கோ அவர் துணைவருக்கோ எழுதிய பங்கு செல்லாமலே போய்விடும். நம்மைவிட இளையோரைச் சாட்சியாக்குக; நிறைவேற்றுநர் ஒருவரைப் பெயர் சொல்லிக் குறிக்க. உயில் எங்கிருக்கிறது என்பதை ஒருவருக்கேனும் சொல்லிவைக்க.

மலையாளத்தில் ‘அவகாசம்’ என்றால் உரிமை. வாரிசை அவர்கள் ‘அவகாசி’ என்றே அழைக்கின்றனர். தமிழில் அவகாசம் என்றால் நேரம். அடுத்த விடுமுறைக்குப் போகும்போது பார்த்துக்கொள்வோம் என்று நாம் அவகாசத்தைத் தள்ளிப் போடுகிறோம். அதற்குள் சாட்சி மறைகிறார், பத்திரம் செல்லரிக்கிறது, வேலிக்கல் நகர்கிறது. அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது, தாயும் தந்தையும் இருக்கையிலேயே அந்தப் பெட்டியைத் திறந்து, காகிதங்களை ஒருங்கே அமர்ந்து படித்துப் பாருங்கள். ஒரு மாலைப்பொழுது போதும்.